ஜீனை நீக்கியும் லாக்டேட் வரவில்லை: எங்கே பார்ப்பது, எப்படித் திருத்துவது

கேள்வி இது. நாகர்கோவிலில் முதுகலை உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் ஒருவர், ஈ.கோலை பாக்டீரியாவை டி-லாக்டேட் உற்பத்திக்குத் திருப்ப எந்த ஜீன்களை நீக்கலாம் என்று கணினியில் தேடுகிறார். ஈ.கோலை கோர் மாடலில் (அதன் வளர்சிதை மாற்றத்தின் சுருக்கமான கணினி மாதிரி) பிடிஏ, ஏடிஎச்-இ என்ற இரண்டு ஜீன்களையும் நீக்கிப் பார்த்தார். ஒரு எண்கூட அசையவில்லை. பிறகு ஒரு தேடல் மென்பொருள் ஐந்து நீக்கங்களைப் பரிந்துரைத்தது. அதை ஓட்டியபோது லாக்டேட் நன்றாக வந்தது. அதே ஐந்தையும் வேறு சால்வரில் (கணக்கைத் தீர்க்கும் மென்பொருள்) ஓட்டிய தோழிக்குப் பூஜ்யம் வந்தது. இரண்டும் ஏன் இப்படி? முழு மாடலில் எப்படிச் செய்வது? குளுக்கோஸுக்குப் பதிலாக அக்கானியை (பதநீர்) வைத்துச் செய்ய முடியுமா?

முதல் சிக்கல் ஜீனுக்கும் வினைக்கும் நடுவே இருக்கிறது. இரண்டாவது, ஒரே வளர்ச்சி வேகத்துக்குப் பல விடைகள் இருப்பதால் வருவது. இரண்டுமே உங்கள் கணினியில் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்கக்கூடியவை. வரிசையாகச் சொல்கிறேன்.

மாடல் செய்யும் கணக்கு

பேச்சிப்பாறை, பெருஞ்சாணித் தண்ணீர் தோவாளைக் கால்வாயிலும் அனந்தனார் கால்வாயிலும் பிரிந்து வயலுக்குப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் உள்ளே வந்த தண்ணீரும் வெளியே போன தண்ணீரும் சமமாக இருக்க வேண்டும்; நடுவில் தேங்கக் கூடாது. ஃப்ளக்ஸ் பேலன்ஸ் கணக்கு இதுதான். ஒவ்வொரு வளர்சிதைப் பொருளும் ஒரு பிரிவு, ஒவ்வொரு வினையும் ஒரு கால்வாய், அதில் ஓடும் அளவு ஃப்ளக்ஸ். வளர்ச்சி என்பது வயல். அந்த வயலுக்கு அதிகபட்சத் தண்ணீர் கிடைக்கும்படி மடைகளைத் திறந்து மூடுவதாக மாடல் கருதிக்கொள்கிறது. நமக்கு வேண்டிய லாக்டேட் கடைமடையில் இருக்கும் குளம். வயலுக்குத் தண்ணீர் போக வேண்டுமென்றால் குளத்தின் வழியாகத்தான் போக முடியும் என்ற நிலைமையை மற்ற மடைகளை அடைத்து உண்டாக்குவதுதான் ஜீன் நீக்க வடிவமைப்பு. இதை வளர்ச்சியோடு பிணைத்த உற்பத்தி என்கிறோம்.

உவமை இந்த இடம்வரைதான் பொருந்தும். கால்வாயில் ஓடுவது தண்ணீர் ஒன்றுதான். செல்லில் கார்பன், என்ஏடிஎச் (எலக்ட்ரானைச் சுமப்பது), ஏடிபி (ஆற்றலைச் சுமப்பது) மூன்றும் சேர்ந்து ஓடுகின்றன. மூன்றும் தனித்தனியே சமப்பட வேண்டும். விடை பெரும்பாலும் இந்த மூன்றின் கணக்கில்தான் ஒளிந்திருக்கும்.

நீக்குவதற்கு முன் அடித்தளம்

கோர் மாடலில் 95 வினைகள், 72 பொருள்கள், 137 ஜீன்கள். கோப்ராபை என்ற பைத்தான் நூலகத்தில் 'டெக்ஸ்ட்புக்' என்ற பெயரில் அது கூடவே வருகிறது. குளுக்கோஸ் உள்ளெடுப்பு மணிக்கு ஒரு கிராம் உலர் எடைக்கு 10 மில்லிமோல் என்று இருக்கும். மாடலில் இது மைனஸ் 10. உள்ளே வருவது எதிர்மறை, வெளியே போவது நேர்மறை. இந்தக் குறியில் தடுமாறி ஆக்சிஜனின் கீழ் எல்லைக்குப் பதிலாக மேல் எல்லையைப் பூஜ்யமாக்குவது அடிக்கடி நடக்கும். அப்படிச் செய்தால் ஆக்சிஜன் வந்துகொண்டேதான் இருக்கும், எந்த எச்சரிக்கையும் வராது.

காற்றோடு ஓட்டினால் வளர்ச்சி மணிக்கு 0.874. ஆக்சிஜனின் கீழ் எல்லையைப் பூஜ்யமாக்கினால் 0.212. காற்றில்லாத அந்த ஓட்டத்தில் அசிடேட் சுமார் 8.5, எத்தனால் 8.3, ஃபார்மேட் 17.8, லாக்டேட் பூஜ்யம். இந்த எண்கள் வராதவரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். பின்னால் தெரியும் பாதிக் குழப்பம், முந்தைய சோதனையில் நீக்கிய ஜீன் மாடலில் அப்படியே கிடப்பதால் வருவது. ஒவ்வொரு சோதனையையும் பைத்தானின் 'வித்' கட்டத்துக்குள் எழுதினால், வெளியே வரும்போது மாடல் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும்.

உங்கள் இரண்டு நீக்கமும் ஏன் அசைக்கவில்லை

ஒவ்வொரு வினைக்கும் மாடலில் ஒரு ஜீன் விதி உண்டு. பல புரதங்கள் சேர்ந்து ஒரே நொதியானால் அவற்றின் ஜீன்கள் 'மற்றும்' போட்டு இணைக்கப்பட்டிருக்கும். ஒன்றை எடுத்தால் போதும், வினை நிற்கும். ஃப்யூமரேட் ரிடக்டேஸின் நான்கு ஜீன்களும் இந்த வகை. ஒரே வேலையைச் செய்யும் வெவ்வேறு நொதிகள் இருந்தால் 'அல்லது' போடப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் எடுத்தால்தான் வினை நிற்கும்.

கோர் மாடலில் பிடிஏஆர் (அசிடேட்டுக்குப் போகும் வழி) வினையின் விதியைத் திறந்து பாருங்கள். பி2297 அல்லது பி2458 என்று இருக்கும். முதலாவது நீங்கள் நீக்கிய பிடிஏ. இரண்டாவது ஈயுடி-டி. அசிடால்டிஹைடு வினை, அதாவது ஏசிஏஎல்டி, பி1241 அல்லது பி0351: முதலாவது ஏடிஎச்-இ, இரண்டாவது எம்எச்பி-எஃப். நீங்கள் நீக்கிய இரண்டு ஜீனுக்கும் மாடலில் ஒவ்வொரு மாற்றாள் இருக்கிறது. ஆகவே இரண்டு வினையும் முழுவீச்சில் ஓடின, எண் அசையவில்லை.

இங்கே உயிரியல் அறிவு தேவைப்படுகிறது. குளுக்கோஸில் வளரும் ஈ.கோலையில் ஈயுடி-டியும் எம்எச்பி-எஃப்பும் பெரிய வேலை செய்வதில்லை. முன்னது எத்தனாலமைன் சிதைவுக்கான ஜீன் தொகுதியில் இருப்பது. பின்னது ஃபினைல்புரோப்பியோனேட் போன்ற நறுமணச் சேர்மங்களின் சிதைவுக்கானது. எந்த ஜீன் எப்போது விழித்திருக்கும் என்பது இந்த மாடலுக்குத் தெரியாது. எல்லா ஜீனும் எப்போதும் தயார் என்றே அது எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆய்வகத்தில் இரண்டு நீக்கம் போதும். மாடலில் அதே விளைவைப் பார்க்க நான்கு ஜீன்களை நீக்க வேண்டும், அல்லது ஜீனை விட்டுவிட்டு பிடிஏஆர், ஏசிஏஎல்டி என்ற இரண்டு வினைகளையும் நேரடியாக அடைக்க வேண்டும்.

நான் பரிந்துரைப்பது: முதல் தேடலை வினை அளவில் செய்யுங்கள். கிடைத்த ஒவ்வொரு வினைக்கும் ஜீன் விதியை எடுத்து, ஒவ்வொரு மாற்று ஜீனும் உங்கள் ஊடகத்தில் வெளிப்படுகிறதா என்று ஈகோசைக் தரவுத்தளத்தில் பாருங்கள். பிறகு ஜீன் பட்டியலாக மாற்றி, ஜீன் அளவில் ஒருமுறை ஓட்டிச் சரிபாருங்கள். இந்தக் கடைசிப் படியை விடக் கூடாது. ஒரு ஜீன் பல வினைகளைத் தாங்குவது சகஜம். ஒரு வினையை நிறுத்த அதை எடுத்தால், தொடாமல் விட நினைத்த வேறொன்றும் சேர்ந்து நிற்கும். ஏடிஎச்-இயே அசிடால்டிஹைடு வினையிலும் எத்தனால் வினையிலும் இருக்கிறது.

லாக்டேட் வினையிலும் ஒரு பொறி உண்டு. கோர் மாடலில் எல்டிஎச்_டி வினைக்கு எல்டிஎச்-ஏ அல்லது டிஎல்டி என்று விதி இருக்கிறது. உண்மையில் டிஎல்டி, லாக்டேட்டை ஆக்ஸிஜனேற்றி எலக்ட்ரானைக் குவினோனுக்குக் கொடுக்கும் நொதி. லாக்டேட்டை உருவாக்கும் வேலை எல்டிஎச்-ஏவுடையது. உங்கள் நோக்கத்துக்கு இது கெடுதல் செய்யாது. ஆனால் சக்ஸினேட்டுக்காக லாக்டேட்டை அடைக்க நினைப்பவர் எல்டிஎச்-ஏவை மட்டும் நீக்கினால், மாடலில் லாக்டேட் வழி திறந்தே கிடக்கும்.

இந்த இரண்டு வினைகளை அடைத்தால் ஏன் லாக்டேட் வர வேண்டும்

மென்பொருள் கொடுத்த பட்டியலை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. காற்றில்லாத நிலையில் ஒரு குளுக்கோஸ் இரண்டு பைருவேட்டாக உடையும். இரண்டு ஏடிபி, இரண்டு என்ஏடிஎச் மிஞ்சும். ஆக்சிஜன் இல்லாததால் அந்த இரண்டு என்ஏடிஎச்சையும் ஏதோ ஒரு பொருளின் மேல் இறக்கிவைத்தே ஆக வேண்டும். காட்டு ரகச் செல் (எதையும் நீக்காத இயல்பான செல்) ஒரு பைருவேட்டை அசிடேட்டாக்கிக் கூடுதலாக ஓர் ஏடிபி சம்பாதிக்கிறது. இன்னொன்றை எத்தனாலாக்கி இரண்டு என்ஏடிஎச்சையும் இறக்குகிறது. ஆக மூன்று ஏடிபி. அசிடேட்டும் எத்தனாலும் ஏறக்குறைய சமமாகவும், ஃபார்மேட் அவற்றின் கூட்டுத்தொகையை ஒட்டியும் வருவது இதனால்தான்.

இப்போது பிடிஏஆரை அடைத்தால் அந்த மூன்றாவது ஏடிபி போய்விடும். ஏசிஏஎல்டியை அடைத்தால் என்ஏடிஎச்சை இறக்க எத்தனால் கிடையாது. மிஞ்சும் பெரிய வழிகள் இரண்டு: லாக்டேட், சக்ஸினேட். இரண்டு பைருவேட்டும் லாக்டேட்டானால் இரண்டு என்ஏடிஎச்சும் சரியாகத் தீர்ந்து, இரண்டு ஏடிபி கையில் நிற்கும். சக்ஸினேட்டுக்குப் போனால் பிஇபி (பைருவேட்டுக்கு முந்தைய பொருள்) செலவாகும். அது பைருவேட்டாகும்போது கிடைக்க வேண்டிய ஏடிபி கைவிட்டுப் போகும். எனவே வளர்ச்சியை விரும்பும் செல் லாக்டேட்டைத்தான் எடுக்கும். இது வெறும் தாள்கணக்கில்லை. பிடிஏ, ஏடிஎச்-இ நீக்கிய ஈ.கோலை லாக்டேட் சுரப்பதை 2005ல் ஆய்வகத்திலேயே காட்டியிருக்கிறார்கள். அந்த வடிவமைப்பு ஆப்ட்நாக் கணக்கிலிருந்து வந்தது.

அதிகபட்சம் எவ்வளவு வரலாம் என்பதைக் கையாலேயே போடலாம். குளுக்கோஸின் ஒடுக்க அளவு (தரக்கூடிய எலக்ட்ரான்களின் எண்ணிக்கை) 24, லாக்டேட்டுடையது 12. ஆக ஒரு குளுக்கோஸுக்கு 2 லாக்டேட். 10 மில்லிமோல் உள்ளே போனால் 20க்கு மேல் வரவே முடியாது. சக்ஸினேட்டுக்கு 14, ஆகவே 1.71. மாடல் இதைத் தாண்டி ஒரு எண் கொடுத்தால், எங்கோ ஒரு வெளிவாசல் (செல்லுக்கு உள்ளும் வெளியும் பொருள் போய்வரும் வினை) திறந்து கிடந்து வேறு கார்பனோ எலக்ட்ரானோ உள்ளே வருகிறது என்று அர்த்தம்.

சில பட்டியல்களில் ஏசிஏஎல்டிக்குப் பதிலாக அதற்கு அடுத்த படியான ஏஎல்சிடி2எக்ஸை அடைக்கச் சொல்லியிருக்கும். எத்தனால் நின்றுவிடும், சரி. ஆனால் கோர் மாடலில் அசிடால்டிஹைடுக்குத் தனி வெளிவாசல் இருக்கிறது. குளுக்கோஸ் இரண்டு அசிடால்டிஹைடும் இரண்டு ஃபார்மேட்டுமாகப் பிரிந்தால் என்ஏடிஎச் கணக்கு கச்சிதமாகத் தீர்ந்து, அதே இரண்டு ஏடிபி நிற்கும். அதாவது லாக்டேட்டுக்கு நேர்ப் போட்டியாக ஒரு வழி முளைத்துவிடும். உயிருள்ள செல்லுக்கு அசிடால்டிஹைடு நஞ்சு. மாடலுக்கு நஞ்சு என்றால் என்னவென்று தெரியாது.

ஒருவருக்கு நிறைய, இன்னொருவருக்குப் பூஜ்யம்

இரண்டாவது சிக்கலின் வேர் இந்த மாதிரிப் போட்டி வழிகள்தான். அதிகபட்ச வளர்ச்சியைத் தரும் விடை ஒன்றே ஒன்று என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அதே வளர்ச்சிக்கு எண்ணற்ற விடைகள் இருக்கும். சால்வர் அவற்றில் ஒரு மூலையை எடுத்துத் தரும்; ஜிஎல்பிகே ஒரு மூலையையும் குரோபி வேறு மூலையையும் தரலாம். உங்களுக்கு லாக்டேட் ஓடிய மூலை கிடைத்தது, தோழிக்கு ஓடாத மூலை. இரண்டும் சரியான விடைகளே, வடிவமைப்புதான் பலவீனமானது.

2003ல் வந்த ஆப்ட்நாக் முறை இதற்கு இடம் கொடுக்கிறது. அது இரண்டு அடுக்குக் கணக்கு: உள்ளே செல் தன் வளர்ச்சியைக் கூட்டுகிறது, வெளியே நாம் உற்பத்தியைக் கூட்டுகிறோம். உள்ளே சம விடைகள் பல இருந்தால் நமக்குச் சாதகமானதை அது எடுத்துக்கொள்ளும். செல் நமக்காக அப்படி விட்டுக்கொடுக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. 2010ல் வந்த ரோபஸ்ட்நாக் இதைத் திருப்பிப் போட்டது: அதிகபட்ச வளர்ச்சியில் வரக்கூடிய குறைந்தபட்ச உற்பத்தி எவ்வளவு, அதைக் கூட்டு.

எந்த மென்பொருள் தந்த பட்டியலாக இருந்தாலும் கீழே சொல்வதைச் செய்த பிறகே நம்புங்கள். நீக்கங்களைப் போட்டு, ஃப்ளக்ஸ் வேரியபிலிட்டி கணக்கை லாக்டேட் வெளிவாசலுக்கு மட்டும் ஓட்டுங்கள். வளர்ச்சி அதிகபட்சத்தில் 0.99 பங்கு என்று வையுங்கள். சரியாக 1 என்று வைத்தால் எண் துல்லியச் சிக்கலில் சில சமயம் விடையே இல்லை என்று வரும். கிடைக்கும் இரண்டு எண்களில் சிறியதுதான் உங்கள் வடிவமைப்பின் மதிப்பு. அது பூஜ்யமென்றால் பட்டியலைத் தள்ளிவிடலாம். ஐந்து நீக்கத்துக்கும் இதைச் செய்தால் பெரும்பாலும் இரண்டு விஷயம் தெரியவரும்: எந்தப் போட்டி வழி திறந்திருக்கிறது, ஐந்தில் எது வேலையே செய்யாமல் சும்மா நிற்கிறது. ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்து ஓட்டிப் பாருங்கள். எண் மாறாவிட்டால் அந்த நீக்கம் தேவையில்லை. ஆய்வகத்தில் ஒவ்வொரு நீக்கத்துக்கும் ஒரு வாரமாவது போகும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்.

அதற்கடுத்து ப்ரொடக்‌ஷன் என்வலப் படத்தை வரையுங்கள். கிடைமட்டத்தில் வளர்ச்சி, செங்குத்தில் லாக்டேட்டின் அதிகபட்சமும் குறைந்தபட்சமும். மேல்கோட்டைப் பார்த்து மகிழாதீர்கள், கீழ்க்கோட்டைப் பாருங்கள். கீழ்க்கோடு தரையோடு ஒட்டிப் போய், வலது ஓரத்தில் மட்டும் எழும்பினால் அது பலவீனமான பிணைப்பு: செல் முழு வேகத்தில் வளரும்போது மட்டும் பொருள் வரும், வளர்ச்சி தளர்ந்தால் நின்றுபோகும். வளர்ச்சி பூஜ்யத்திலேயே கீழ்க்கோடு தரைக்கு மேலே இருந்தால் வலுவான பிணைப்பு. நொதிகலனின் பிந்தைய மணிகளில் செல்கள் வளர்வதை ஏறக்குறைய நிறுத்திவிடும். நடைமுறையில் வலுவான பிணைப்புக்குத்தான் மதிப்பு அதிகம்.

முழு மாடலுக்குப் போகும்போது

கோர் மாடல் கற்றுக்கொள்ள. முடிவெடுக்க ஐஎம்எல்1515 போன்ற முழு மாடல் வேண்டும். 2017ல் வெளிவந்த அதில் 1515 ஜீன்கள். ஒவ்வொரு சேர்க்கையையும் முயன்றுவிடலாம் என்று தோன்றும். ஜோடிகள் 11,46,855, இது முடியும். மூன்று மூன்றாக எடுத்தால் 57 கோடியே 83 லட்சத்துக்கு மேல். நொடிக்கு 20 கணக்கு ஓடினாலும் 334 நாள். நான்கு நான்காகப் போனால் 21,863 கோடி. எனவே தேடலைச் சுருக்க வேண்டும்.

சுருக்குவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். தேர்ந்த ஊடகத்தில் ஓடவே முடியாத வினைகளை முதலில் நீக்குங்கள். நீக்கினால் செல் செத்துப்போகும் ஜீன்களைத் தேடலிலிருந்து எடுத்துவிடுங்கள். வரிசையாக ஒன்றன்பின் ஒன்று ஓடும் வினைகளை ஒரே வினையாக மடியுங்கள். அதில் எதை நீக்கினாலும் விளைவு ஒன்றே. தானாக நடக்கும் வினைகள், ஜீன் தெரியாத வினைகள், வெளிவாசல்கள் இவற்றை நீக்கக் கூடாதவை என்று குறித்துவையுங்கள். இதை மறந்தால் 'நீர் வெளியேறுவதை நிறுத்து' என்பது போன்ற அழகான, ஆனால் செய்யவே முடியாத விடை வரும்.

பைத்தானில் ஸ்ட்ரெய்ன்டிசைன் என்ற தொகுப்பு ஆப்ட்நாக், ரோபஸ்ட்நாக், குறைந்தபட்ச வெட்டுத்தொகுதி எல்லாவற்றையும் தருகிறது; ஜீன் விதிகளையும் உள்ளே எடுத்துக்கொள்கிறது. வெட்டுத்தொகுதி முறையை உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். அதில் இரண்டு பகுதிகளைச் சொல்ல வேண்டும். வேண்டாத பகுதி: ஒரு குளுக்கோஸுக்கு 1.4க்குக் குறைவான லாக்டேட் தரும் எல்லா ஓட்டங்களும். காக்க வேண்டிய பகுதி: வளர்ச்சி 0.05க்குக் குறையாமல், லாக்டேட் 1.4க்கு மேலாக இருக்கும் ஓட்டம் ஒன்றாவது. வேண்டாததை முழுவதும் வெட்டி, காக்க வேண்டியதில் ஒன்றையாவது விட்டுவைக்கும் மிகச் சிறிய நீக்கத் தொகுதிகளை அது பட்டியலிடும். இங்கே செல்லின் விருப்பம் என்ன என்ற கேள்வியே எழாது. நமக்கு வேண்டாத வழி எதுவும் மிஞ்சாது. 1.4 என்பதை உங்கள் விருப்பம்போல் மாற்றலாம். 1.9 என்று பேராசையாக வைத்தால் நீக்கங்கள் கூடும், அல்லது விடையே வராது. குறைவான வரம்பில் தொடங்கி ஏற்றிக்கொண்டு போங்கள்.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு: எதை நீக்குவது என்று தேடாமல், வளர்ச்சியும் உற்பத்தியும் நடக்க எவ்வளவு குறைந்த வினைகள் போதும் என்று தேடுவது. ஜிடெல்_மின்ஆர்என் அந்த வகை. இதில் நீக்கங்கள் ஏராளமாக வரும். பிறகு தேவையற்றதைக் களைய வேண்டும். சிறிய தொகுதி கிடைக்காத பொருள்களுக்கு அது கைகொடுக்கும். லாக்டேட்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

முழு மாடலில் பலரை ஏமாற்றும் எண் சிக்கல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வினையை அடைப்பதற்கு இந்தக் கணக்குகள் 0 அல்லது 1 என்ற மாறியை 1000 என்ற பெரிய எல்லையால் பெருக்குகின்றன. சால்வர் 0.00001 அளவு பிசகை முழு எண் என்றே ஏற்றுக்கொள்ளும். 1000 பெருக்கல் 0.00001, அதாவது 0.01. அடைத்ததாகச் சொன்ன வினையில் 0.01 ஒழுகும். ஊட்டப் பொருள்கள் சிறு அளவில் ஓடும் பாதைகளில் இந்த ஒழுக்கே ஒரு செல்லை உயிரோடு காட்டிவிடும். பிறகு நேரடியாக நீக்கி ஓட்டினால் வளர்ச்சி பூஜ்யம். தீர்வு: சால்வரில் இண்டிகேட்டர் கட்டுப்பாட்டைப் பயன்படுத்துவது, அல்லது வினைகளின் எல்லைகளை முன்கூட்டியே இறுக்கி, முழு எண் பிசகை 0.000000001க்கு இறக்குவது. எதைச் செய்தாலும் கிடைத்த ஒவ்வொரு விடையையும் புதிதாக ஏற்றிய மாடலில் தனியே நீக்கிச் சரிபார்க்க வேண்டும். ஜிஎல்பிகே இந்த அளவுக் கணக்கில் திணறும்; குரோபியும் சிப்ளெக்ஸும் கல்லூரி மாணவர்களுக்கு இலவச உரிமத்தில் கிடைக்கின்றன.

இன்னொன்று: பராமரிப்பு ஏடிபி, அதாவது வளராவிட்டாலும் உயிரோடிருக்கச் செல் செலவழிப்பது. கோர் மாடலில் 8.39, ஐஎம்எல்1515ல் 6.86. லாக்டேட் வழியில் 10 குளுக்கோஸுக்கு 20 ஏடிபிதான் நேரடி வருமானம் என்பதால், இந்த எண் மாறினாலே வளர்ச்சி கணிசமாக மாறும். இரண்டு மாடல்களின் வளர்ச்சியை ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிடாதீர்கள்.

ஆய்வகத்தில் தவறும் இடங்கள்

ஒற்றை நீக்கங்களுக்குக் கேயோ தொகுப்பு இருக்கிறது: 2006ல் வெளிவந்த 3985 நீக்க ரகங்கள், ஒவ்வொன்றிலும் ஜீனுக்குப் பதிலாகக் கானாமைசின் எதிர்ப்புத் துண்டு. அதிலிருந்து பி1 ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) வழியாக உங்கள் ரகத்துக்கு மாற்றலாம். அல்லது லாம்ப்டா ரெட் முறை: பிகேடி46 பிளாஸ்மிட் உள்ள செல்களை 30 டிகிரியில் அரபினோஸ் சேர்த்து வளர்த்து, இரு முனையிலும் 36 முதல் 50 எழுத்து ஒத்திசைவு உள்ள பிசிஆர் துண்டை மின்துளைப்பில் ஏற்றுவது. 37 டிகிரியில் வளர்த்தால் பிளாஸ்மிட் கழன்றுவிடும். துண்டு ஏறவில்லை என்று புலம்புவதற்கு முன் இன்குபேட்டரின் வெப்பமானியைப் பாருங்கள். எதிர்ப்புத் துண்டை நீக்கிய பிறகு ஒவ்வொரு இடத்திலும் எஃப்ஆர்டி என்ற ஒரே மாதிரித் தழும்பு மிஞ்சும். தழும்புகள் கூடக்கூட, அவை தங்களுக்குள் சேர்ந்து நடுவிலிருக்கும் டிஎன்ஏவைத் தூக்கிவிடும் ஆபத்தும் கூடும். ஆகவே ஒவ்வொரு நீக்கத்துக்குப் பின்னும், அதற்கு முன்பு செய்த எல்லா இடங்களையும் வெளிப்புறப் பிரைமர்களால் மறுபடி சோதியுங்கள்.

புதிதாகக் கட்டிய ரகம் மாடல் சொன்ன வேகத்தில் வளராது. அதைத் தோல்வி என்று தூக்கிப்போட வேண்டாம். மாடல் காட்டுவது செல் முழுமையாகப் பழகிய பிறகான நிலை. நீக்கியவுடன் உள்ள நிலைக்கு 2002ல் வந்த மோமா கணக்கு நெருக்கமான மதிப்பீடு தரும். காட்டு ரகத்தின் ஓட்டத்திலிருந்து முடிந்தவரை விலகாத ஓட்டத்தை அது தேடுகிறது. வளர்ச்சியோடு பிணைத்த வடிவமைப்பின் பெரிய வரம் இங்கேதான் இருக்கிறது: தினமும் புதிய ஊடகத்துக்கு மாற்றிக்கொண்டே போனால், வேகமாக வளரும் செல்தான் முந்தும், அது லாக்டேட்டையும் அதிகம் சுரக்கும் செல்லாகவே இருக்கும். வாரக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை இது. ஒவ்வொரு வாரமும் ஒரு மாதிரியைக் கிளிசராலில் உறையவைத்துவிடுங்கள்.

மாடலில் பிஎச் கிடையாது, உங்கள் குடுவையில் உண்டு. லிட்டருக்கு 10 கிராம் குளுக்கோஸ் முழுதும் திரும்பினால் 10 கிராம் லாக்டிக் அமிலம் வரும். எம்9 என்ற எளிய உப்பு ஊடகத்தின் பாஸ்பேட் அதைத் தாங்காது. பிஎச்சைத் திருத்தும் வசதி இல்லாத மூடிய குப்பியில் லிட்டருக்கு 2 கிராம் குளுக்கோஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விளைச்சல் விகிதம் அறிய அதுவே போதும். எச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) அமினெக்ஸ் எச்பிஎக்ஸ்-87எச் தூணும் 5 மில்லிமோலார் கந்தக அமிலமும் லாக்டேட், அசிடேட், சக்ஸினேட், ஃபார்மேட், எத்தனால் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் பிரித்துத் தரும். எல்லாவற்றின் கார்பனையும் கூட்டி, காணாமல்போன குளுக்கோஸின் கார்பனோடு ஒப்பிடுங்கள். கணக்கு விழவில்லை என்றால், நீங்கள் அளக்காத ஏதோ ஒன்று வெளியே போகிறது. இந்த ரகத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பைருவேட்.

அக்கானியில் செய்யலாமா

செய்யலாம், ஆனால் இதே ரகத்தில் முடியாது. அக்கானியின் சர்க்கரை பெரும்பாலும் சுக்ரோஸ். கே-12 வகை ஈ.கோலை, மாடல்களின் அடிப்படையான எம்ஜி1655 உட்பட, சுக்ரோஸில் வளராது. டபிள்யூ ரகம் வளரும். அதிலுள்ள மூன்று ஜீன்களில் சிஎஸ்சி-பி சுக்ரோஸைப் புரோட்டானோடு உள்ளே கொண்டுவரும், சிஎஸ்சி-ஏ அதைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கும், சிஎஸ்சி-கே ஃபிரக்டோஸுக்குப் பாஸ்பேட் ஏற்றும். அந்த மூன்றையும் கே-12க்குள் சேர்ப்பது இன்னொரு வழி.

கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய அக்கானி காரமாக இருக்கும், கால்சியமும் நிறைய. அப்படியே எம்9ல் கலந்தால் கால்சியம் பாஸ்பேட் வெள்ளையாகப் படிந்து ஊடகத்தின் பாஸ்பேட்டைக் கொண்டுபோய்விடும். முதலில் பாஸ்போரிக் அமிலத்தால் பிஎச்சை 7க்கு இறக்கி, படிந்ததை வடித்துவிட்டு, பிறகுதான் கிருமி நீக்கம். காரமாக இருக்கும்போதே ஆட்டோகிளேவில் வைத்தால் உடைந்த சர்க்கரை கருத்துப்போகும். சுண்ணாம்பில்லாமல் இறக்கியது ஈஸ்ட்டும் ஸைமோமோனாஸும் ஏறிச் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். அதில் உங்கள் எத்தனால் அளவீட்டுக்கு எந்தப் பொருளும் இருக்காது.

கணினிப் பக்கம் இன்னும் முக்கியம். கோர் மாடலில் குளுக்கோஸ் உள்ளே வரும் ஒரே வழி பிடிஎஸ், அதாவது பிஇபியின் பாஸ்பேட்டைக் கொடுத்துச் சர்க்கரையை உள்ளே இழுக்கும் அமைப்பு. ஒவ்வொரு குளுக்கோஸுக்கும் ஒரு பிஇபி பைருவேட்டாக மாறியே தீரும். சிஎஸ்சி-பி வழியில் அந்தக் கட்டாயம் இல்லை. பிஇபி மிஞ்சுகிறது, ஆகவே சக்ஸினேட்டுக்கான வழி மலிவாகிறது. பிஎஃப்எல்-பி (ஃபார்மேட்டை உருவாக்கும் நொதியின் ஜீன்), எல்டிஎச்-ஏ நீக்கிய என்இசட்என்111 ரகம் காற்றில்லாமல் குளுக்கோஸில் வளராமல் நின்றதும், பிடிஎஸ்-ஜியில் தானாக ஏற்பட்ட மாற்றத்தால் ஏஎஃப்பி111 ஆகி சக்ஸினேட் சுரந்து வளர்ந்ததும் இந்தப் பிஇபி எவ்வளவு பெரிய நெம்புகோல் என்பதைக் காட்டும். ஆகவே குளுக்கோஸுக்குப் போட்ட நீக்கப் பட்டியலை சுக்ரோஸுக்கு அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள். ஐஎம்எல்1515ல் இந்த மூன்று வினைகளும் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாததைச் சேர்த்து, குளுக்கோஸ் வாசலை மூடி, சுக்ரோஸை மைனஸ் 5 என்று வைத்து (கார்பன் அளவு 10 குளுக்கோஸுக்குச் சமம்) தேடலை முதலிலிருந்து ஓட்டுங்கள். பிடிஏஆர், ஏசிஏஎல்டியோடு சக்ஸினேட்டை உருவாக்கும் ஃப்யூமரேட் ரிடக்டேஸையும் மூன்றாவதாக அடைத்து ஒரு ஓட்டம் தனியே பாருங்கள். அதன் நான்கு ஜீன்களும் 'மற்றும்' விதியில் இருப்பதால் ஒன்றை நீக்கினாலே போதும்.